லினக்ஸில் எந்த ஃபைல் சிஸ்டத்தை நம்பலாம்? முப்பது ஆண்டு வரலாறு சொல்லும் பதில்



பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல் அதில் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தலாம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு உங்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "சார், இன்ஸ்டால் பண்ணும்போது எக்ஸ்ட்4, பட்டர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்று ஒரு பட்டியல் வருகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? எதில் வைத்தால் ஃபைல் பத்திரமாக இருக்கும்?"

அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அப்போது இந்தக் கேள்வியே எழவில்லை. யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்ததை நீங்கள் பயன்படுத்தினீர்கள். இப்போது தேர்வு உங்கள் கையில்.

ஒரு வார்த்தையில் பதில் வேண்டும் என்றால், எக்ஸ்ட்4. அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் "சார் சொன்னார்" என்பது ஒரு காரணமாகாது என்று வகுப்பிலேயே பலமுறை சொன்னவன் நான். எனவே காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படியுங்கள்.

*முதலில், ஃபைல் சிஸ்டம் என்றால் என்ன?*

ஹார்டு டிஸ்க் என்பது எண் போட்ட சிறு சிறு பெட்டிகளின் நீண்ட வரிசை. பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 4096 பைட் அளவு. 4 எம்பி அளவுள்ள ஒரு போட்டோவைச் சேமித்தால் அது ஏறத்தாழ ஆயிரம் பெட்டிகளில் போய் உட்காரும். எந்தெந்தப் பெட்டிகள், எந்த வரிசையில், என்ன பெயர், யாருடையது, எந்தத் தேதி என்பதையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். இன்னும் காலியாக இருக்கும் பெட்டிகள் எவை என்று வேறோர் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். இந்தக் கணக்கெழுதும் முறைக்குத்தான் ஃபைல் சிஸ்டம், தமிழில் கோப்பு முறைமை, என்று பெயர்.

என்னிடம் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு நடவடிக்கை நடந்தால் பற்று ஓரிடம், வரவு ஓரிடம் என்று இரண்டு இடத்தில் எழுதுவோம். ஒன்றை எழுதி மற்றொன்றை எழுதாமல் விட்டால் இருப்பாய்வு பொருந்தாது. டிஸ்க்கிலும் அப்படித்தான். ஒரு புதிய ஃபைலைச் சேமிக்கும்போது ஃபோல்டரில் பெயர், ஃபைலின் விவரக் குறிப்பு, காலிப் பெட்டிப் பட்டியல் என்று குறைந்தது மூன்று இடங்களில் திருத்தம் நடக்கிறது. இரண்டு இடத்தில் எழுதி மூன்றாவதை எழுதும் முன் கரண்ட் போய்விட்டால்?

காலி என்று பட்டியலில் இருக்கும் பெட்டியில் உண்மையில் உங்கள் போட்டோ இருக்கும். நாளை வேறொரு ஃபைல் அதே பெட்டியில் எழுதப்படும். இரண்டும் கெடும்.

லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களின் முப்பது ஆண்டு வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்: எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது?

*மினிக்ஸிலிருந்து எக்ஸ்ட்2 வரை*

1991இல் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கினார். அவர் வேலை செய்த கம்ப்யூட்டரில் மினிக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் தம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக 1987இல் வெளியிட்டது அது. எனவே லினக்ஸின் முதல் ஃபைல் சிஸ்டமும் மினிக்ஸினுடையதாகவே இருந்தது. பாடப்புத்தகத்துக்காக எழுதியது என்பதால் எளிமையானது, பிழை குறைந்தது. ஆனால் மொத்தக் கொள்ளளவு 64 எம்பி, ஃபைல் பெயர் 14 எழுத்து. அன்றைய ஹார்டு டிஸ்க்குகளுக்கே அது போதவில்லை.

1992 ஏப்ரலில் பிரான்ஸைச் சேர்ந்த ரெமி கார்ட் 'எக்ஸ்ட்' என்ற புதிய முறையைக் கொண்டுவந்தார். 'விரிவாக்கப்பட்ட ஃபைல் சிஸ்டம்' என்பதன் சுருக்கம். கொள்ளளவு 2 ஜிபி, பெயர் 255 எழுத்து. ஆனால் காலிப் பெட்டிகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலிபோல் கோத்து வைத்திருந்ததால், பயன்படுத்தப் பயன்படுத்தச் சங்கிலி தாறுமாறாகி, ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறின.

1993 ஜனவரியில் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றுகள் வந்தன. ஒன்று, பிராங்க் சியா எழுதிய சியாஎஃப்எஸ். மற்றொன்று, ரெமி கார்ட் மறுபடியும் எழுதிய எக்ஸ்ட்2. தொடக்கத்தில் சியாஎஃப்எஸ்தான் உறுதியாக இருந்தது. மினிக்ஸ் அடிப்படையில் எழுதப்பட்டதால் அதில் புதுமையும் குறைவு, பிழையும் குறைவு. எக்ஸ்ட்2வில் ஆரம்பத்தில் பிழைகள் இருந்தன. ஆனாலும் கடைசியில் வென்றது எக்ஸ்ட்2.

காரணத்தைக் கவனியுங்கள். எக்ஸ்ட்2வை வடிவமைத்தவர்கள் பிற்காலத் தேவைகளுக்காக உள்ளமைப்பில் இடம் விட்டு வைத்திருந்தார்கள். புதிய பேரேட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் பின்னால் சில வெற்றுப் பக்கங்கள் விட்டு எழுதுவோமே, அதுபோல. பிழைகள் நாளடைவில் திருத்தப்பட்டன. இடம் விடாமல் எழுதிய சியாஎஃப்எஸ் வளர முடியாமல் நின்றுவிட்டது.

*காத்திருந்த காலம்*

எக்ஸ்ட்2வுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. கம்ப்யூட்டர் முறையாக மூடப்படாமல் கரண்ட் போனால், அடுத்த முறை இயக்கும்போது எஃப்எஸ்சிகே என்ற சோதனை நிரல் ஓடும். டிஸ்க்கில் உள்ள குறிப்புகள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் சரிபார்க்கும். ஆண்டு முழுவதற்குமான பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி எங்கே தவறு என்று தேடுவது போன்ற வேலை.

அந்தச் சோதனை நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. பெயர் தொலைந்த ஃபைல்களைக் கண்டெடுத்து 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் போட்டு வைக்கும். இன்றும் உங்கள் எக்ஸ்ட்4 டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் அந்த ஃபோல்டர் இருக்கும். இது எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான்.

ஆனால் டிஸ்க் பெரிதாகப் பெரிதாகச் சோதனை நேரமும் கூடியது. ஒரு பெரிய சர்வர் திடீரென்று நின்றால் மறுபடி எழுந்து வர வெகுநேரம் ஆகும். அதுவரை மொத்த அலுவலகமும் காத்திருக்க வேண்டும்.

*ஜர்னல் என்றால் நம் குறிப்பேடுதான்*

இதற்குத் தீர்வு நம் பாடத்திலேயே இருக்கிறது. நடவடிக்கையை நேராகப் பேரேட்டில் எழுதக் கூடாது, முதலில் குறிப்பேட்டில் எழுத வேண்டும், பிறகுதான் பேரேட்டுக்கு எடுத்தெழுத வேண்டும் என்று படித்தீர்களே? ஆங்கிலத்தில் குறிப்பேட்டுக்கு ஜர்னல் என்று பெயர். ஃபைல் சிஸ்டத்திலும் அதே பெயர், அதே வேலை.

செய்யப்போகும் திருத்தங்கள் அனைத்தும் முதலில் ஜர்னல் என்ற தனிப் பகுதியில் எழுதப்படும். எல்லாம் எழுதி முடித்ததும் "முடிந்தது" என்று ஒரு முத்திரை. அதற்குப் பிறகே அவை உரிய இடங்களில் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் முழு டிஸ்க்கையும் தேட வேண்டாம். ஜர்னலை மட்டும் பார்த்தால் போதும். முத்திரை இருந்தால் அந்தத் திருத்தங்களை மறுபடி எடுத்தெழுது. முத்திரை இல்லாவிட்டால் அவை நடக்கவே இல்லை என்று விட்டுவிடு. சில நொடிகளில் வேலை முடிந்தது.

எக்ஸ்ட்2வுக்கு ஜர்னல் சேர்க்கும் திட்டத்தை ஸ்டீபன் ட்வீடி 1998இல் ஒரு கட்டுரையாக முன்வைத்தார். அது எக்ஸ்ட்3 என்ற பெயரில் 2001 நவம்பரில் 2.4.15 கெர்னலோடு வந்தது. அவர் ஒரு முக்கியமான முடிவை எடுத்திருந்தார். டிஸ்க்கின் பழைய அமைப்பை மாற்றவே இல்லை. ஜர்னலை ஒரு மறைவான ஃபைலாகச் சேர்த்தார், அவ்வளவுதான். ஒரே கட்டளையில் எக்ஸ்ட்2 டிஸ்க்கை எக்ஸ்ட்3 ஆக்கலாம். பிடிக்காவிட்டால் மறுபடி எக்ஸ்ட்2 ஆகவே பயன்படுத்தலாம். உள்ளிருக்கும் ஒரு ஃபைலைக்கூட நகர்த்த வேண்டாம். பழகிய எஃப்எஸ்சிகே நிரலும் அப்படியே வேலை செய்யும்.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். ஜர்னலில் எழுதப்படுவது பெரும்பாலும் கணக்குக் குறிப்புகள் மட்டுமே. போட்டோவின் உள்ளடக்கத்தை இரண்டு முறை எழுதினால் வேகம் குறைந்துவிடும். அதனால் எக்ஸ்ட்3 ஒரு நடுவழியை இயல்பாக வைத்துக்கொண்டது: உள்ளடக்கத்தை முதலில் அதன் இடத்தில் எழுது, அதன் பிறகே குறிப்புக்கு முத்திரை போடு.

*முந்திக்கொண்டவரின் கதை*

உண்மையில் லினக்ஸ் கெர்னலில் முதலில் சேர்ந்த ஜர்னல் முறை எக்ஸ்ட்3 அல்ல. ஹான்ஸ் ரைசர் என்பவரும் அவருடைய நேம்சிஸ் நிறுவனமும் உருவாக்கிய ரைசர்எஃப்எஸ். 2001 ஜனவரியில், 2.4.1 கெர்னலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. புதிய சிந்தனைகள் நிறைந்தது. சின்னச் சின்ன ஃபைல்களை வீணில்லாமல் அடுக்கி வைக்கும். சூசே லினக்ஸ் அதையே தன் இயல்பான ஃபைல் சிஸ்டமாக வைத்திருந்தது.

ஆனால் டிஸ்க் மோசமாகக் கெட்டுப்போன பிறகு மீட்பதில்தான் சிக்கல். ரைசர்எஃப்எஸ் தன் குறிப்புகள் அனைத்தையும் ஒரே மர அமைப்பில் வைத்திருந்தது. மரம் முறிந்தால், மீட்பு நிரல் டிஸ்க் முழுவதையும் அலசி மரத்துண்டுபோல் தெரிவதையெல்லாம் பொறுக்கி ஒட்டும். அந்த டிஸ்க்கில் வேறொரு ரைசர்எஃப்எஸ் டிஸ்க்கின் நகல் ஒரு ஃபைலாக இருந்துவிட்டால், இரண்டின் துண்டுகளும் கலந்துவிடும்.

2006இல் சூசே நிறுவனம் எக்ஸ்ட்3க்கு மாற முடிவு செய்தது. பராமரிப்பும் வளர்ச்சியும் கடினமாகிவிட்டன என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே ஆண்டு அக்டோபரில் ரைசர் தம் மனைவி நீனாவைக் கொலை செய்த குற்றச்சாட்டில் கைதானார். 2008இல் குற்றம் நிரூபிக்கப்பட்டது. அந்தக் குடும்பத்தின் துயரத்துக்கு முன்னால் ஒரு மென்பொருளின் கதை ஒன்றுமே இல்லை. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் இது: ஒரு மனிதரையும் ஒரு சிறு நிறுவனத்தையும் மட்டும் நம்பி நின்ற ஃபைல் சிஸ்டம், அதன் பிறகு பிழை திருத்த ஆளில்லாமல் மெல்லத் தேய்ந்தது. 2022இல் "இனி நீக்கப்படும்" என்று அறிவித்தார்கள். 2025 தொடக்கத்தில் வந்த 6.13 கெர்னலில் அது இல்லை. இன்று யாராவது ஒரு பழைய ரைசர்எஃப்எஸ் டிஸ்க்கைத் திறக்க வேண்டும் என்றால் பழைய கெர்னலைத் தேட வேண்டும்.

கடை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்தால் போதாது. நாளைக்கும் கடை திறப்பார்களா என்று கேட்க வேண்டும்.

*2009இல் நடந்த ஒரு வாக்குவாதம்*

2006இல் எக்ஸ்ட்3ஐ மேலும் விரிவாக்கும் வேலை தொடங்கியபோது, லட்சக்கணக்கானோர் நம்பியிருக்கும் நிரலில் சோதனை செய்யக் கூடாது என்று சொல்லி அதைப் பிரித்துத் தனியாக எக்ஸ்ட்4 என்று வைத்தார்கள். தியோடர் ட்சோ இந்தப் பணியை முன்னின்று நடத்தினார். 2008 டிசம்பரில், 2.6.28 கெர்னலில், எக்ஸ்ட்4 பயன்பாட்டுக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது.

அடுத்த சில வாரங்களில் புகார் வந்தது. வெளிவரவிருந்த உபுண்டு 9.04ஐ முன்கூட்டியே சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர், கம்ப்யூட்டர் உறைந்து மறுபடி இயக்கியபோது, சற்று முன் எழுதப்பட்ட ஃபைல்கள் பலவும் வெறுமையாக, பூஜ்யம் பைட் அளவில் கிடந்ததாக எழுதினார். பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. வேறு பலரும் எனக்கும் அப்படித்தான் என்றார்கள்.

காரணம் இதுதான். எக்ஸ்ட்3 ஐந்து நொடிக்கு ஒருமுறை முத்திரை போடும். நான் முன்னே சொன்ன நடுவழியால், உள்ளடக்கமும் அதற்கு முன்பே டிஸ்க்குக்குப் போய்விடும். எக்ஸ்ட்4 வேகத்துக்காக ஒரு புதிய உத்தியைக் கையாண்டது. எழுத வேண்டியதை நினைவகத்தில் சற்று நேரம் சேர்த்து வைத்து, மொத்தமாக எவ்வளவு என்று தெரிந்த பிறகு, அடுத்தடுத்த பெட்டிகளாகப் பார்த்து ஒதுக்கும். டிஸ்க் சிதறாது, வேகம் கூடும். ஆனால் ஐந்து நொடி இடைவெளி அரை நிமிடமாகவும் அதற்கு மேலாகவும் நீண்டது. அதற்குள் கரண்ட் போனால் குறிப்பு மட்டும் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது.

ட்சோ சொன்ன பதில் சட்டப்படி சரியானது. யுனிக்ஸ் விதிகளின்படி, ஒரு ஃபைல் டிஸ்க்கில் நிச்சயமாக எழுதப்பட வேண்டும் என்றால் அந்த நிரல் 'எஃப்சிங்க்' என்ற கட்டளையைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்காத நிரல்களுக்கு எந்த உத்தரவாதமும் எப்போதும் இருந்ததில்லை. எக்ஸ்ட்3 கொடுத்தது தற்செயலான பாதுகாப்பு. பயன்பாட்டு நிரல்களை எழுதியவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.

மறுபக்கம் இருந்தவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பழைய ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, புதியதை வேறு பெயரில் எழுதி, பிறகு பெயர் மாற்றுகிறோம். புதியது கிடைக்காவிட்டால் பழையதாவது மிஞ்ச வேண்டாமா? இரண்டும் இல்லாமல் போவது எந்த ஊர் நியாயம்?

முடிவு என்ன ஆயிற்று தெரியுமா? "விதி என் பக்கம்" என்று சொன்ன அதே ட்சோ, அந்தப் பெயர் மாற்றும் வழக்கத்தைக் கண்டறிந்து உள்ளடக்கத்தை முன்கூட்டியே டிஸ்க்குக்கு அனுப்பும் திருத்தங்களையும் எழுதினார். 2.6.30 கெர்னலில் அவை சேர்ந்தன. அந்த ஆண்டின் இறுதிக்குள் ஃபெடோராவும் உபுண்டுவும் எக்ஸ்ட்4ஐ இயல்பான தேர்வாக்கின.

இந்தச் சம்பவத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்பகமான ஃபைல் சிஸ்டம் என்றால் பிழையே வராதது என்று நினைக்காதீர்கள். பிழை வந்தால் அது வெளியே தெரிய வேண்டும், தெரிந்ததும் பொறுப்பேற்றுத் திருத்த ஆள் இருக்க வேண்டும், மக்கள் உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து இறங்கி வரும் மனம் அந்த ஆளுக்கு இருக்க வேண்டும். மூன்றும் எக்ஸ்ட் குடும்பத்துக்கு இருந்தன.

*ஓசையில்லாமல் கெடுவது*

ஜர்னல் தீர்க்காத பிரச்சினை ஒன்று உண்டு. பேரேடு சரியாக இருக்கும், ஆனால் பீரோவில் இருக்கும் பணத்தைக் கரையான் அரித்திருக்கும். டிஸ்க்கில் ஒரு பெட்டியின் உள்ளடக்கம் தானாகவே மாறிவிடலாம். வட்டின் குறையாலோ கேபிளாலோ டிஸ்க்கின் உள்மென்பொருள் பிழையாலோ இது நடக்கும். ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம் 2007இல் தன் சர்வர்களில் இதைச் சோதித்து, இப்படி ஓசையில்லாமல் கெடுவது உண்மையிலேயே நடக்கிறது என்று கண்டது.

இதற்கான பதிலைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக், மேத்யூ ஏரன்ஸ் ஆகியோர் 2001இல் தொடங்கி உருவாக்கினார்கள். அதுதான் இசட்எஃப்எஸ். 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டு, அந்தத் தொகையை வேறோர் இடத்தில் வைக்கும். படிக்கும்போதெல்லாம் மறுபடி கூட்டிப் பார்க்கும். பொருந்தாவிட்டால் கெட்டதை உங்களிடம் நல்லது என்று கொடுக்காது. இரண்டு டிஸ்க்கில் நகல் இருந்தால் நல்ல நகலிலிருந்து கெட்டதைச் சரிசெய்தும் விடும். இன்னொன்று, பழைய குறிப்பின் மேல் அடித்து எழுதாது. புதியதை வேறிடத்தில் எழுதிவிட்டு, கடைசியில் சுட்டுவதை மட்டும் மாற்றும். கணக்கில் அடித்தல் திருத்தல் கூடாது என்று நான் மதிப்பெண் குறைத்தது நினைவிருக்கிறதா? அதே கொள்கை.

ஆனால் அதன் உரிமமும் லினக்ஸின் உரிமமும் ஒத்துப்போவதில்லை என்று கருதப்படுவதால் இன்றுவரை அது கெர்னலுக்குள் சேரவில்லை. தனியாகவே நிறுவ வேண்டும். உபுண்டு 2016 முதல் சேர்த்தே தருகிறது.

லினக்ஸுக்கென்றே அதே கொள்கையில் ஆரக்கிள் நிறுவனத்தில் கிறிஸ் மேசன் 2007இல் தொடங்கியது பட்டர்எஃப்எஸ். 2009இல் கெர்னலில் சேர்ந்தது. எதிர்காலம் அதற்குத்தான் என்று எக்ஸ்ட்4ஐ உருவாக்கிய ட்சோவே அப்போது சொன்னார். ஆனால் பாதை நீண்டது. தொடக்க ஆண்டுகளில் அதில் ஃபைல்களை இழந்தவர்கள் உண்டு. ரெட் ஹேட் நிறுவனம் 2017இல் அதைக் கைவிடுவதாக அறிவித்து, அடுத்த பதிப்பில் நீக்கியது. மாறாக, சூசே 2014இல் அதையே இயல்பான தேர்வாக்கியது. ஃபெடோரா டெஸ்க்டாப் 2020இல் அதற்கு மாறியது. இன்று சாதாரணப் பயன்பாட்டில் நன்றாகவே உழைக்கிறது. பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் ரெய்டு 5, 6 முறைகளில் மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

பட்டியலில் உள்ள எக்ஸ்எஃப்எஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1990களில் பெரும் கம்ப்யூட்டர்களுக்காக எழுதியது. 2014 முதல் ரெட் ஹேட்டின் இயல்பான தேர்வு. மிகப் பெரிய ஃபைல்களுக்குச் சிறந்தது, உறுதியானது. ஆனால் ஒருமுறை உருவாக்கிய பார்ட்டிஷனைச் சுருக்க முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அது ஒரு சங்கடம்.

*2023 கடைசியில் நடந்த இரண்டு சம்பவங்கள்*

இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? 2023 நவம்பரில் இசட்எஃப்எஸ் பயனர்கள், நகலெடுத்த சில ஃபைல்களின் நடுவே வெறும் பூஜ்யங்கள் இருப்பதைக் கண்டார்கள். புதிய பதிப்பின் புதிய வசதிதான் காரணம் என்று முதலில் சந்தேகித்தார்கள். தேடிப் பார்த்தால், பல ஆண்டுகளாக ஒளிந்திருந்த பழைய பிழை அது. சரிபார்ப்புத் தொகையாலும் பிடிக்க முடியவில்லை. ஏனென்றால் தவறான உள்ளடக்கத்துக்குச் சரியான தொகைதான் எழுதப்பட்டிருந்தது. பொய்யான ரசீதைச் சரியாகக் கூட்டினால் கூட்டல் சரியாகத்தானே இருக்கும்!

அடுத்த மாதமே எக்ஸ்ட்4க்கும் வந்தது. புதிய கெர்னலுக்கு எழுதிய ஒரு திருத்தத்தைப் பழைய 6.1 வரிசைக்குக் கொண்டுவந்தபோது, அதோடு வர வேண்டிய இன்னொரு திருத்தம் விடுபட்டது. 6.1.64 கெர்னலில் ஃபைல் கெடும் வாய்ப்பு உண்டானது. டெபியன் குழு 12.3 வெளியீட்டை நிறுத்திவைத்து, பயனர்களை எச்சரித்து, திருத்திய 12.4ஐ டிசம்பர் 10 அன்று வெளியிட்டது.

மிகவும் நம்பப்படும் இரண்டு ஃபைல் சிஸ்டங்கள், சில வார இடைவெளியில். இரண்டிலும் பிழை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு விரைவில் திருத்தப்பட்டது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. தணிக்கை செய்யாத கணக்கும், நகல் இல்லாத ஃபைலும் எந்த முறையில் எழுதினாலும் ஆபத்துதான் என்று சொல்வதற்கு.

*எனவே என்ன செய்யலாம்?*

1. வீட்டில் ஒரே டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர், புதிதாக லினக்ஸ் பழகுபவர்: எக்ஸ்ட்4. 1993இலிருந்து ஒரே குடும்பமாக வளர்ந்தது. கெட்டால் மீட்கும் கருவிகளும், கேட்டால் பதில் சொல்லும் ஆட்களும் இதற்குத்தான் அதிகம்.

2. அடிக்கடி அப்டேட் செய்து, கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்ப விரும்புபவர்: பட்டர்எஃப்எஸ். ஃபெடோராவோ ஓப்பன்சூசேயோ தானாகத் தரும் அமைப்பிலேயே விட்டுவிடுங்கள். ஒரே டிஸ்க் என்றால், ஒரு போட்டோ கெட்டிருப்பதை அது சொல்லும், ஆனால் சரிசெய்ய நகல் இருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

3. இரண்டு மூன்று டிஸ்க் போட்டு வீட்டுக்கோ கடைக்கோ சேமிப்பு சர்வர் வைப்பவர்: இசட்எஃப்எஸ். படித்துத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

4. வீடியோ எடிட்டிங் செய்யும் நம் பிள்ளைகள்: தனி டிஸ்க்கில் எக்ஸ்எஃப்எஸ் வைத்துக்கொள்ளலாம்.

5. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோகும் பென் டிரைவ்: எக்ஸ்ஃபேட். அதில் ஜர்னல் கிடையாது. எனவே 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்காதீர்கள்.

6. புதிதாக ஏதாவது புகழ் பெற்றால், பொறுங்கள். பிகேஷ்எஃப்எஸ் என்று ஒன்று 2024 ஜனவரியில் கெர்னலில் சேர்ந்தது. அதை எழுதியவருக்கும் கெர்னல் குழுவுக்கும் ஒத்துவராமல் 2025லேயே நீக்கப்பட்டுவிட்டது. தொழில்நுட்பம் நன்றாக இருந்தது. குடித்தனம்தான் நடக்கவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பொதுவானது ஒன்று. முக்கியமான ஃபைலுக்கு மூன்று பிரதி வேண்டும். இரண்டு வேறு வேறு சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று சொல்ல முடியாது.

நம் உறவில் ஒருவர், மறைந்த தம் தாயாரின் போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தார். ஃபைல் சிஸ்டத்தில் எந்தக் குறையும் இல்லை. டிஸ்க்கின் உள்ளே இருந்த கருவி நின்றுவிட்டது. அதற்கு முன்னால் எக்ஸ்ட்4ம் ஒன்றுதான், இசட்எஃப்எஸ்ஸும் ஒன்றுதான். அந்த அம்மாவின் குரல் இருந்த வீடியோ, நல்லவேளையாக மகள் வீட்டு போனில் ஒரு பிரதி இருந்ததால் மட்டுமே பிழைத்தது. போட்டோக்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை.

ஆகவே இந்த வாரமே ஒரு டிஸ்க் வாங்கி, வீட்டுப் பெரியவர்களின் போட்டோக்களை ஒரு பிரதி எடுத்து, வேறு ஊரில் இருக்கும் அண்ணன் தம்பி வீட்டில் கொடுத்து வையுங்கள். எக்ஸ்ட்4ஆ பட்டர்எஃப்எஸ்ஸா என்ற விவாதத்தை அதன் பிறகு நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நம் மாணவர்களில் இந்தத் துறையிலேயே வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். நீங்களும் வந்து பதில் சொல்லுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.